துருப்பிடித்த ஜீப்பில் எது தேறும்? சிஜே3பி, எம்எம் 540, ஜிப்ஸி, ஜோங்கா

தோப்பு ஓரத்திலோ எஸ்டேட் ஷெட்டிலோ பல வருஷமாக நின்றுபோன ஜீப்பைப் பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்ஜின் ஓடுமா?" என்பதுதான். விற்பவரும் அதற்குத் தயாராக இருப்பார். வேறு வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, கார்புரேட்டரில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி, கிளப்பிக் காட்டிவிடுவார். அந்தப் புகையிலேயே பேரம் பாதி முடிந்துவிடும்.

உண்மையில் இன்ஜின் கேள்வி கடைசியில் வர வேண்டியது. சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்கவும், கிராங்க் கிரைண்ட் செய்யவும், வால்வு சீட் வெட்டவும் லேத் பட்டறை எல்லா நடுத்தர ஊரிலும் உண்டு. உளுத்த சேசிஸை (அடிச்சட்டத்தை) நேராக்கத் தெரிந்தவர் மாவட்டத்துக்கு ஓரிருவர்தான். செத்துப்போன ஆர்.சி.யை உயிர்ப்பிக்க யாராலும் முடியாமலும் போகலாம். ஆகவே முதலில் காகிதம், பிறகு சேசிஸ், அடுத்து ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) சாமான்கள் முழுசாக இருக்கின்றனவா என்பது, அப்புறம் பாடி. இன்ஜின் கடைசி. மஹிந்திராவின் சிஜே3பி, எம்எம் 540, மாருதியின் ஜிப்ஸி, ராணுவத்தின் ஜோங்கா ஆகிய நான்கு வண்டிகளையும் இந்த வரிசையில் எடை போட்டால் சந்தையில் சொல்லும் மதிப்பு தலைகீழாகிவிடும்.

காகிதம்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை அடிச்சட்டத்தில் அச்சடித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். டேஷ்போர்டில் திருகியிருக்கும் தகடு கணக்கில் சேராது, அதைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் போதும். சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்போ கிரைண்டர் கீறலோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடலாம்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு அது 10,000 ஆனது. காலம் கடந்தால் மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் தனி. மூன்று வருஷத் தாமதத்துக்கு மட்டுமே 18,000 ஆகிவிடும். இதற்கு மேல் பசுமை வரி. கையால் எழுதிய பழைய ஆர்.சி. என்றால் அது அரசின் 'வாகன்' பதிவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாத வண்டிக்குப் பழைய பதிவு விவரத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றமே நடக்கும். விற்பவரின் அப்பா பெயரில் ஆர்.சி. இருந்து அவர் காலமாகியிருந்தால் படிவம் 31, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பவரிடம், பார்த்த பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

"டிபார்ட்மென்ட் ஏலத்தில் எடுத்த வண்டி" என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் மவுசு இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, அவை உடைப்புக்கே போக வேண்டும். அதற்கு முன்பே ஏலம் போய்த் தனியார் பெயருக்கு மாறியவை வேறு கணக்கு. ராணுவ ஏல வண்டியாக இருந்தால் படிவம் 21இல் அசல் விற்பனைச் சான்று கேளுங்கள். அதில்லாத ஜோங்காவும் ஜிப்ஸியும் தோட்டத்துக்குள் ஓட்டத்தான் ஆகும்.

இன்ஜின் மாற்றம் இன்னொரு கண்ணி. பெட்ரோல் ஆர்.சி., உள்ளே டீசல் இன்ஜின் என்பது பழைய ஜீப்பில் சர்வசாதாரணம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு எஃப்.சி.க்குப் போவது வீண் அலைச்சல்.

50 வருஷம் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு ஓட்டம் தவிர வேறு எதற்கும் அதில் சாலையில் போக முடியாது. காய்கறி வாங்கப் போகிற வண்டிக்கு இது சரிவராது.

சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும்

சேசிஸைப் பார்க்க அரைக்கிலோ சுத்தியல் போதும். நல்ல இரும்பு 'ணங்' என்னும், உளுத்தது 'தப்' என்னும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஜீப் வகைகளில் முதலில் விரிசல் விடுவது ஸ்டியரிங் பாக்ஸ் பிடிமானத்தைச் சுற்றித்தான், அடுத்து முன் குறுக்குச் சட்டமும் பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் கொக்கிகளும். ஜிப்ஸியின் சேசிஸ் பெட்டிபோல் மூடிய சட்டம் என்பதால் சேறு உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே கறுப்புப் பெயிண்ட் பளபளக்கும், உள்ளே காகிதக் கனம்தான் மிஞ்சியிருக்கும். விற்பனைக்கு முந்தின வாரம் அடித்த அடிப்பாகக் கறுப்பை அழகு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையோ மறைக்கத்தான் அடித்திருப்பார்கள்.

கோணலைக் கண்டுபிடிக்கத் தூக்குக்குண்டு எடுத்துப்போங்கள். சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, முன்பின் பட்டைகளின் நிலையான போல்ட்டுகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு நான்கு புள்ளி குறியுங்கள். குறுக்கு அளவு இரண்டையும் டேப்பில் பிடியுங்கள். வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. 15 தாண்டினால் எங்கோ உருண்ட வண்டி.

இனி ஃபோர் வீல். முன்பக்கம் ஆக்சில் தொங்குவதால் மட்டும் அது ஃபோர் வீல் வண்டி ஆகிவிடாது. முன் டிஃபரென்ஷியலை (ஆக்சில் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதியை) கழற்றி விற்றுவிட்டு வெறும் ஹவுசிங்கை மாட்டியிருப்பார்கள், அல்லது வேறு மாடலின் ஆக்சிலைப் பொருத்தியிருப்பார்கள். முன்னும் பின்னும் கிரவுன்–பினியன் (டிஃபரென்ஷியல் பற்சக்கர) விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், ஃபோர் வீல் போட்ட பத்தாவது நிமிஷம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பற்கள் அழ ஆரம்பிக்கும். சோதனை எளிது. டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் போடுங்கள். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும் என்பதால் அதையும் விடுவிக்க வேண்டும். அதற்கு முன்பே மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்குக்கட்டிக் கோட்டை வைத்து எண்ணுங்கள். ஐந்தே கால் தாண்டி ஐந்தரைக்குள் நின்றால் விகிதம் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கணக்கு வர வேண்டும்.

சிஜே3பி

உயர்ந்த பானெட், ஏழு துவார கிரில், 80 இன்ச் வீல்பேஸ். அமெரிக்காவில் வில்லிஸ் 1953இல் தொடங்கி 1968இல் நிறுத்திய வடிவத்தை மஹிந்திரா இங்கே பல்லாண்டு தொடர்ந்து கட்டியது. அந்த உயரத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹரிக்கேன் இன்ஜின்: 2,199 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். (இதையே "இரண்டாம் உலகப் போர் ஜீப்" என்று விற்பவர்கள் உண்டு. போர்க்கால வில்லிஸுக்கு ஒன்பது துவாரம், பெட்ரோல் டேங்க் மூடி டிரைவர் சீட்டுக்குக் கீழே. துவாரத்தை எண்ணினால் பேச்சு முடிந்தது.)

நல்ல ஹரிக்கேனில் கம்ப்ரெஷன் 120 முதல் 130 பிஎஸ்ஐ வரை வரும். நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி 90 காட்டினால் ரிங் தேய்மானம், போர் அடித்தால் தீரும். மூன்று 115 காட்டி ஒன்று மட்டும் 60 காட்டினால் யோசியுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு சீட் பிளாக்கிலேயே இருப்பதால் சூடேறிச் சூடேறி சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விழும். வார்ப்பிரும்பில் விழுந்த அந்த விரிசலை "அடைத்துத் தருகிறேன்" என்பவர்களிடம் கொடுத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது. வேறு பிளாக் தேடத்தான் வேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பார்க்க விடாத இடத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து குமிழ் வந்தால் கேஸ் தண்ணீருக்குள் போகிறது.

கியர்பாக்ஸ் மூன்று வேகம், முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) கிடையாது. இரண்டாவது கியரிலிருந்து தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவது இதன் பிறவிக் குணம். காரணம் பெரும்பாலும் சின்க்ரோ ஹப் தேய்மானமும் மெயின் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டமும். இதில் ஜிஎல்–5 ஆயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தக மருந்து பித்தளை சின்க்ரோவை அரிக்கும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்–4, டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்–5. ஸ்டியரிங் ஆட்டத்துக்கு முதல் குற்றவாளி நடுவில் இருக்கும் பெல்கிராங்க் (ஸ்டியரிங் அசைவைத் திருப்பித் தரும் கை). அதன் அச்சுப் பின் (pin), புஷ் இரண்டையும் மாற்றினாலே பாதி ஆட்டம் போய்விடும். அது தெரியாமல் ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கி இறுக்கியே பாக்ஸைக் கெடுத்தவர்கள் அதிகம்.

பாடியில் அழுகல் பிடிப்பது தரைத் தகட்டுக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவச் சட்டத்தில். தண்ணீர் அதற்குள் நின்றுவிடும். மேல் தகட்டை மட்டும் ஒட்டுப்போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி ஓட்டை, ஆகவே சட்டத்தையும் சேர்த்து வெட்டி மாற்ற வேண்டும். ஒட்டுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. போதும். முழு பாடியே வடக்கில் புதிதாகத் தட்டிக் கிடைக்கிறது. துளைகள் அப்படியே பொருந்தும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

எல்லாம் சொல்லியும், கையால் வேலை கற்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை. பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். தினசரி ஓட்டத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். மணிக்கு 60 தாண்டினால் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது.

எம்எம் 540

பழைய ஜீப் வாங்கி, முடித்து, ஓட்டவும் வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வீல்பேஸ் 91 இன்ச், பியூஜோ வழி வந்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2,112 சிசி, சுமார் 62 குதிரைசக்தி. வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், மலைப்பாதையில் இரண்டாவது கியரில் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும். போடி, குமுளி, வால்பாறை மலைகளில் இந்த இன வண்டிகள் ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் ஆளும் மூட்டையும் ஏற்றி உழைத்தவை. அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இதன் எலும்பு எண்ணிக்கைவரை தெரியும். மலையடிவார ஊரில் இருப்பவருக்கு அது பெரிய அனுகூலம்.

அதே உழைப்பால்தான் கேடும். எஸ்டேட் வண்டியில் ஆக்சில் வளைவையும் பட்டைக் கொக்கிகளையும் இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். இன்ஜினை ஆறிய நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். போகும் முன் போன் செய்து "சூடாக்காமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, போனதும் ரேடியேட்டரில் கை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்து இரண்டு நிமிஷத்தில் நின்றால் குளோ பிளக் வேலை, சில்லறைச் செலவு. நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால் ஹெட். இந்த வகை இன்ஜினில் டீசல் முன் அறையில் எரிந்து பிறகே சிலிண்டருக்குப் போவதால் ஹெட் கூடுதலாகச் சூடேறும். தண்ணீர் இல்லாமல் ஒருமுறை ஓடினாலே வால்வுகளுக்கு நடுவே கீறும். நீலப் புகை வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் 'புஸ் புஸ்' என்று அடித்தால் ரிங் போய்விட்டது. கறுப்புப் புகை மட்டும் என்றால் நாசில் அல்லது டீசல் பம்ப். பம்பை டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில் மட்டும் கொடுங்கள், காதால் கேட்டு செட் செய்கிறவரிடம் வேண்டாம்.

இதில் பெரிய ஏமாற்று டூ வீல்–ஃபோர் வீல் குழப்பம். மைலேஜுக்காக முன் ஆக்சில் சாமான்களைக் கழற்றி எடைக்குப் போட்டவர்கள் ஏராளம். கெட்ட பாகத்தைவிட இல்லாத பாகம் செலவு அதிகம். கெட்ட டிஃபரென்ஷியலுக்கு பேரிங்கும் சிம்மும் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) போதும். காணாமல்போன முன் ஆக்சிலுக்கு ஹவுசிங், நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு), ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் லீவர் என்று புதுப்பேட்டை, உக்கடம் காயலான் கடைகளைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். கிடைப்பதெல்லாம் வெவ்வேறு விகிதமாக இருக்கும். ஃபோர் வீல் சாமான் முழுசாக உள்ள, இன்ஜின் செத்த 540 நல்ல பேரம். இன்ஜின் மணியாக ஓடும் டூ வீல் 540ஐ ஃபோர் வீலாக்கலாம் என்று வாங்குவது, யானை இல்லாமல் அங்குசம் வாங்குவதுபோல்.

ஜிப்ஸி

1985இல் வந்த எம்ஜி410இல் 970 சிசி எஃப்10ஏ இன்ஜின், 45 குதிரைசக்தி. 1996இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1,298 சிசி ஜி13 இன்ஜின், 60 குதிரைசக்தி, ஐந்து கியர். 2000 வாக்கில் கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வந்து 80 ஆனது. விலை குறைவென்று 410 பக்கம் மனம் சாயும். ஆனால் எஃப்10ஏ இன்ஜின் மாருதியின் வேறு எந்தக் காரிலும் இல்லை. கிங்கின் இன்ஜின் குடும்பமோ மாருதி எஸ்டீம் காரில் இருந்தது, உள் சாமான் இன்றும் புரளும். இரண்டும் ஒரே அளவு துருவோடு நின்றால் கூடுதல் விலை கொடுத்தாவது கிங்கை எடுங்கள்.

ஓட்ட இவை நான்கிலும் லகுவானது ஜிப்ஸிதான், எடையும் குறைவு, ஃபோர் வீலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதன் எதிரி துரு. பின் தரை, பின் சீட்டுக்கு அடி, கண்ணாடிச் சட்டத்தின் கீழ் ஓரம், பாடி சேசிஸில் உட்காரும் பிடிமானங்கள் என்று எங்கும் பட்டியை (புட்டிப் பூச்சை) அப்பி மறைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். பட்டி உள்ள இடத்தில் பிடி விட்டுவிடும். சென்னை, தூத்துக்குடி என்று கடற்கரையில் நின்ற வண்டியைவிட உள்மாவட்டத்து வண்டிக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்.

ஒரு பள்ளத்தில் இறங்கியதும் 50–60 வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறினால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் இறுக்கம் போய்விட்டது என்று பொருள். சிம் கணக்கு பார்த்து பேரிங் மாற்ற வேண்டும். ஸ்டியரிங் டேம்பர் மட்டும் புதிதாக மின்னினால் உதறலை மறைத்திருக்கிறார்கள். முன் சக்கர நக்கிள் உருண்டையில் கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து வழிந்தால் உள் சீல் போயிருக்கிறது, உள்ளே சேறு ஏறியிருக்கும். அந்த ஷாஃப்ட் ஜாயிண்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஜோங்கா

நிஸான் பேட்ரோலை வைத்து 1969 முதல் ஜபல்பூரில் ராணுவத்துக்காகக் கட்டிய வண்டி. ஆறு சிலிண்டர், 3,956 சிசி பெட்ரோல். கம்பீரத்தில் மற்ற மூன்றும் இதன் நிழலில் நிற்கும். குடியிலும் அப்படியே: லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல இன்ஜின். மைலேஜுக்காகக் கண்ட டீசலையும் திணித்து, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டவை நிறைய. அசல் இன்ஜின், சுத்தமான படிவம் 21, உடைத்துச் சாமான் எடுக்க இரண்டாவதாக ஒரு ஜோங்கா, இரண்டும் நிற்க இடம். நான்கும் இருந்தால் வாங்குங்கள். ராணுவப் பச்சை மட்டும் அடிக்க முடியாது. மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கே விட்டிருக்கிறது. இந்த விதி நான்கு வண்டிகளுக்கும் பொது.

எதற்கு எவ்வளவு

வாங்கும் விலையைப் போல் இரண்டு மடங்கு வேலைக்கு ஒதுக்க முடியாவிட்டால் எதையும் தொடாதீர்கள். சிஜே3பியில் அந்தப் பணம் தகட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் போகும். 540இல் ஹெட், பம்ப், முன் ஆக்சில். ஜிப்ஸியில் பாதிக்கு மேல் டிங்கரிங்குக்கே, இன்ஜினுக்குச் சொற்பம். ஜோங்காவில் பணத்தைவிடத் தேடலுக்குத்தான் காலம் ஆகும். மலைப்பகுதியில் வாரம் தவறாமல் ஓட்டுகிறவருக்கு 540, நகரத்தில் இருந்துகொண்டு வார இறுதியில் காட்டுப்பாதை தேடுகிறவருக்குச் சேசிஸ் கெட்டியான கிங், இரண்டு மூன்று வருஷம் பொறுமையாகத் தானே திருகு பிடிக்க விரும்புகிறவருக்கு சிஜே3பி. ஐம்பது தாண்டிய சிஜே3பிக்கு விண்டேஜ் பதிவும் வாய்க்கும் என்பது கூடுதல் ஆசை காட்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள். பல வருஷம் நின்ற வண்டியின் வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் ஈரம் குடித்துத் துரு பிடித்திருக்கும். ஒற்றைச் சுற்று பிரேக் உள்ள பழைய ஜீப்பில் ஒரு ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே ஓட்டம்.

நின்ற இன்ஜினை உடனே கிளப்பவும் கூடாது. பெட்ரோல் என்றால் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே ஹேண்டில் போட்டோ பெரிய ஸ்பானரிலோ கையால் சுற்றுங்கள். ஒரு இடத்தில் முட்டினால் அழுத்தாதீர்கள், முன்னும் பின்னும் ஆட்டி மறுபடி ஊறவையுங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டு முறுக்கினால் ஒட்டிய ரிங் உடையும், உடைந்த ரிங் சிலிண்டர் சுவரைக் கீறும். டேங்கையும் இறக்கிக் கழுவுங்கள். நாள்பட்ட பெட்ரோல் அடியில் பிசினாகியிருக்கும்.

மணல் வீச்சுக்கு (சாண்ட் பிளாஸ்டிங்) பாடியை அனுப்பினால் பெரிய தட்டைத் தகடுகளை, குறிப்பாக பானெட்டை, அனுப்பாதீர்கள், மணல் மோதும் வேகத்தில் நெளிந்துவிடும். வீசி வந்த இரும்புக்கு அன்று மாலைக்குள் எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். கடற்கரை ஊரில் ஓர் இரவு விட்டாலே விடியும்போது காவி பூத்திருக்கும், மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.